ஆன்லைனில் குழு நடத்தக் கற்றுக்கொடுக்க முடியுமா? (எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை, முதலாண்டு, 28 பேர், 8 சனிக்கிழமை)

#1 களப்பணி_கடலூர்

குரூப் ஒர்க் பாடத்தின் செய்முறைப் பகுதியை அடுத்த பருவத்தில் ஆன்லைனில் எடுக்க வேண்டும். 28 மாணவர்கள். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் பாதி. புதுச்சேரி, பாகூர், காரைக்கால் மீதி. சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, மொத்தம் எட்டு வகுப்பு. முக்கால்வாசிப் பேரிடம் போன்தான், லேப்டாப் இல்லை.

தியரியில் குறை கிடையாது. டக்மேன் சொன்ன குழு வளர்ச்சிக் கட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பாப்பல், ராத்மன் இருவரும் 1966-இல் பிரித்துக் காட்டிய மூன்று குழுப்பணி மாதிரிகளையும் பத்து மார்க்குக்கு எழுதிவிடுவார்கள். களப்பயிற்சிக்குப் போகும் ஏஜென்சியில் எட்டுப் பெண்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னால்தான் சிக்கல். ஒன்று, விழிப்புணர்வுச் சொற்பொழிவு ஆற்றுவார்கள். இல்லையென்றால் "யாராவது சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு முழிப்பார்கள்.

வகுப்பை எப்படிப் பிரிப்பது, எதைப் பயிற்சி கொடுப்பது, எப்படி மதிப்பெண் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வில்லியனூர்வாசி

முடியும். ஆனால் 28 பேரை ஒரே திரையில் வைத்துக்கொண்டு முடியாது. முதலில் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

28 பேர் என்றால் 4 அறை, அறைக்கு 7 பேர். ஏழில் ஒருவர் குழுவை நடத்துபவர், ஒருவர் துணை, மூவர் உறுப்பினர், இருவர் பார்வையாளர். ஒரு சுற்று 20 நிமிடம்: 12 நிமிடம் குழு, 6 நிமிடம் பின்னூட்டம், 2 நிமிடம் ஆள் மாற. இரண்டு மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் எல்லாரும் சேர்ந்து, 10 நிமிடம் நீங்கள் செய்து காட்ட, நான்கு சுற்றுக்கு 80, கடைசி 15 மறுபடி பொதுவில். சரியாக 120.

ஒரு வகுப்பில் 4 அறை, 4 சுற்று, ஆக 16 வாய்ப்பு. முதல் வகுப்பு விதிமுறைக்கும் அறிமுகத்துக்கும் போய்விடும். மிச்சம் 7 வகுப்பில் 112 வாய்ப்பு. ஆளுக்கு நான்கு முறை. நேரடி வகுப்பில்கூட இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

ஒரு வகுப்புக்கு ஒரே திறன், அதிகம் போனால் இரண்டு. ‘குழு நடத்து’ என்று பொதுவாகச் சொன்னால் எதையும் பழக முடியாது. தொடங்கும் பேச்சு, சுற்றி வருவது (ஒவ்வொருவராகப் பேச வைப்பது), ஒருவர் சொன்னதை இன்னொருவரோடு இணைப்பது, பேசாதவரை அழைப்பது, விடாமல் பேசுபவரை நிறுத்துவது, மௌனத்தைத் தாங்குவது, சுருக்கிச் சொல்வது, முடிப்பது. வரிசையும் இதுதான்.

பின்னூட்டம் 6 நிமிடத்தையும் நான்காக உடைக்க வேண்டும். நடத்தியவர் 1 நிமிடம், உறுப்பினர்கள் 1 நிமிடம், பார்வையாளர்கள் தாங்கள் எண்ணியதை வாசிக்க 2 நிமிடம். கடைசி 2 நிமிடம் சொதப்பிய இடத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அறிவுரையோடு கடையை மூடிவிடுகிறார்கள். "அந்த இடத்துல நீ அந்த அக்காவைக் கேட்டிருக்கலாம்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் அதையேதான் செய்வார்கள். வாயில் அந்த வாக்கியம் ஒருமுறை வந்தாக வேண்டும்.

டக்மேனைப் பற்றி ஒரு வார்த்தை. 12 நிமிடத்தில் ‘ஸ்டார்மிங்’ (உரசல் கட்டம்) வந்துவிட்டதாக ரிப்போர்ட் எழுதுவார்கள், அனுமதிக்காதீர்கள். முதல் நான்கு வகுப்புக்கு அதே ஏழு பேரை ஒரே அறையில் வையுங்கள். மூன்றாவது வாரம் யார் நேரத்துக்கு வரவில்லை, யார் எப்போதும் பார்வையாளராகவே ஒதுங்குகிறார் என்று உண்மையான உரசல் தானாக வரும். அப்போது கட்டங்களைப் பேசலாம். 1965-இல் வந்த கார்லண்ட், ஜோன்ஸ், கொலாட்னி மாதிரியில் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று ஒரு கட்டம் வரும். நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

#3 உப்பளம்

கணக்கெல்லாம் அழகா இருக்கு சார். ஆனா இந்தப் பிள்ளைங்க போகப்போறது ஜூம்ல நடக்கிற குழுவுக்கு இல்ல. மீனவ கிராமத்துல சமுதாயக் கூடத்துக்கும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கிற திண்ணைக்கும் போறாங்க. அங்க யார் நாற்காலியில உட்கார்றாங்க, யார் பாயில, யார் வாசப்படி ஓரமா நிக்கிறாங்கங்கிறதுதான் பாதிச் செய்தி. திரையில எல்லாரும் ஒரே அளவு கட்டத்துக்குள்ள இருக்காங்க. அந்த வித்தியாசமே அழிஞ்சுபோகுது.

இன்னொண்ணு, ரோல் ப்ளே. "நீ குடிநோயாளியோட மனைவி"ன்னு சொன்னா உடனே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறாங்க. சீரியல் பார்த்துக் கத்துக்கிட்ட அழுகை. அதை வெச்சு என்ன பழகுறது?

#4 வில்லியனூர்வாசி

நாடகம் பற்றிச் சொன்னது சரி. அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் மூன்று வகுப்புக்கு வேடமே வேண்டாம். உண்மையான வேலை கொடுங்கள். ரூரல் கேம்ப்பில் எந்த மூன்று நிகழ்ச்சி, சமையல் பொறுப்பு யாருக்கு, தாமதமாக வருபவர்களை என்ன செய்வது. முடிவு நிஜமாகவே அமலாகும் என்று தெரிந்தால் நடிக்க மாட்டார்கள், சண்டை போடுவார்கள். நடத்துபவருக்கு அதுதான் பயிற்சி.

நான்காவது வாரம் வேடம் வரும்போது, அட்டையில் குணத்தை எழுதாதீர்கள். ‘கோபக்காரர்’, ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதினால் தெருக்கூத்துதான். அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார், இரண்டே வரி. உதாரணம்:

"மீன் விற்பவர், வயது 48. மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும். குழுக்கடனில் ஒரு தவணை பாக்கி. அது வெளியே தெரியக் கூடாது."

அட்டையைத் தனி வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நடத்துபவருக்குத் தெரியக் கூடாது. அவர் ஏன் மணி பார்த்துக்கொண்டே இருக்கிறார், கணக்கு நோட்டுப் பேச்சு வந்ததும் ஏன் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நடத்துபவர் கண்டுபிடிக்கட்டும்.

உட்காரும் இடம் பற்றிய உங்கள் ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது நேரில்தான்.

#5 கெடிலக்கரை

நான் ஏஜென்சி சூப்பர்வைசர் பக்கத்திலேர்ந்து எழுதுறேன். மாணவர்கள் தடுக்கி விழறது பெரும்பாலும் மொழியிலதான். இதை ஆன்லைன்ல ரொம்ப நல்லாவே பழக்கலாம், ஏன்னா குரல் மட்டும்தானே மிச்சம்.

‘ஏன்’ கேட்காதீங்க. "ஏன் மீட்டிங்குக்கு வரல?"ன்னா விசாரணை. "வர முடியாம போனதுக்கு என்ன காரணமா இருந்துச்சு?", "அன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னா பேச்சு. ஒரு சுற்று முழுக்க ‘ஏன்’ தடைன்னு விதி வையுங்க. தடுமாறுவாங்க, தடுமாறட்டும்.

"புரிஞ்சுதா?" இதுக்கு நம்ம ஊர்ல ஒரே பதில்தான், "புரிஞ்சுது". மாத்திக் கேளுங்க: "இதை வீட்ல போய் எப்படிச் சொல்லுவீங்க?"

"யாராவது சொல்லுங்க." யாரும் சொல்ல மாட்டாங்க, இல்லேன்னா எப்பவும் சொல்ற அதே ஆள் சொல்லுவார். மகளிர் குழுவா இருந்தா அது ஊக்குநராவோ பிரதிநிதியாவோ இருக்கும். குழுவுல 10 முதல் 20 பேர் இருந்தாலும் ரெண்டு குரல்தான் கேட்கும். முன்கூட்டியே ஊக்குநர்கிட்ட "அக்கா, இன்னைக்கு நீங்க கடைசியா பேசுங்க, எல்லாரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்ல உங்களாலதான் முடியும்"னு சொல்லி வைக்கணும். மரியாதையும் கெடாது, இடமும் கிடைக்கும்.

முறை வெச்சுக் கூப்பிடுறது. 22 வயசுப் பொண்ணு 50 வயசு அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எல்லாரையும் ‘மேடம்’னும் சொல்லக் கூடாது. அக்கா, அம்மா சரி. ஆனா ஒரே குழுவுல ஒருத்தரை ‘அம்மா’ன்னும் அவங்க வயசுக்காரங்களையே ‘அக்கா’ன்னும் கூப்பிட்டா அங்கேயே ஒரு மனத்தாங்கல் ஆரம்பிக்கும். மேடைப் பேச்சுத் தமிழும் வேண்டாம். "தங்கள் கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்"னு சொன்னதும் எல்லாரும் கையைக் கட்டிக்குவாங்க.

தொடங்கும் பேச்சு. 60 விநாடி, எழுதி மனப்பாடம் பண்ணாம, ஐந்து விஷயம் வரணும்: நான் யாரு, எதுக்கு வந்திருக்கேன், எத்தனை வாரம் எத்தனை மணி, இங்க பேசுறது வெளிய போகாது, எப்போ போகும். அந்த அஞ்சாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. ஒருத்தர் உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்துன்னா நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லியாகணும்னு முதல் நாளே சொல்லணும்.

கடற்கரைக் கிராமங்களுக்குன்னே ஒரு தனிப் பயிற்சி வேணும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம்னு ஒவ்வொரு தடவையும் நோட்டும் கையுமா ஆட்கள் வந்து பேர் எழுதிட்டுப் போன ஊருங்க. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "என்ன தருவீங்க?" இதுக்கு மழுப்பினா அடுத்த வாரம் ஆள் இருக்காது. "பணமோ பொருளோ என்னால தர முடியாதும்மா. ஆறு வாரம் வருவேன். எந்தத் திட்டத்துக்கு எங்க போகணும்னு சேர்ந்து பார்க்கலாம். அதுக்கு மேல வாக்கு குடுக்க மாட்டேன்." இதைத் திக்காம, முகம் சுருங்காம சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்க.

#6 பாகூர்_ஏரி

தொழில்நுட்பப் பக்கம்.

ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். உங்கள் திட்டத்துக்குக் கட்டணக் கணக்கு ஒன்றாவது வேண்டும். கூகுள் மீட் இலவசக் கணக்கில் பிரேக்அவுட் ரூம் (கூட்டத்தைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி) கிடையாது. பிரேக்அவுட் ரூமுக்குள் நடப்பதை ஹோஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் பார்க்க முடியும். கிளவுட் ரெகார்டிங் பிரதான அறையை மட்டுமே பதிவு செய்யும். அறைக்குள் நடப்பது வேண்டுமென்றால் அந்த அறையில் உள்ள ஒருவர் தன் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஹோஸ்ட் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

வட்டமாக உட்கார்ந்த குழுவில் "அடுத்து நீங்க" என்றால் எல்லாருக்கும் புரியும். திரையில் புரியாது, ஒவ்வொருவர் திரையிலும் முகங்களின் வரிசை வேறு. அதனால் அறைக்குள் நுழைந்ததும் பெயரை மாற்றச் சொல்லுங்கள்: 1 செல்வி, 2 கலா என்று எண் முன்னால். பார்வையாளர்கள் பெயருக்கு முன் ‘பா’ போட்டு வீடியோவை அணைத்துவிட வேண்டும். மற்றவர்கள் ‘வீடியோ இல்லாதவர்களை மறை’ என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் திரையில் குழு மட்டும் மிஞ்சும்.

தமிழில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. "ம்ம்", "ஆமா", "அட", "அப்புறம்?" என்று போட்டுக்கொண்டே இருப்போம். அதுதான் பேசுபவருக்குத் தெம்பு. ஆன்லைனில் எல்லாரும் மியூட்டில். மைக் திறந்திருந்தாலும் இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் அந்தச் சின்னக் குரல்களை வெட்டிவிடும். பேசுபவருக்குக் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கும், சீக்கிரம் முடித்துவிடுவார். ஐந்து பேர் கொண்ட குழுவில் எல்லா மைக்கும் திறந்தே இருக்கட்டும். வீட்டுச் சத்தம் அதிகமானால் மட்டும் மியூட். தலையாட்டுவதைக் கொஞ்சம் பெரிதாக ஆட்டச் சொல்லுங்கள்.

டேட்டா: குரல் மட்டும் என்றால் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், மணிக்கு 27 முதல் 36 எம்பி. வீடியோ இதைப்போல் பல மடங்கு தின்னும். டேட்டா தீர்ந்தவர் குரலில் மட்டும் இருக்கலாம், தப்பில்லை. வேண்டுமென்றே ஒரு வகுப்பை எல்லாருக்கும் குரல் மட்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது. முகம் இல்லாமல் யார் தயங்குகிறார் என்று காதால் பிடிக்கப் பழகுவார்கள்.

வடகிழக்குப் பருவமழையில் கரண்டும் சிக்னலும் போகும். நடத்துபவர் காணாமல் போய் 30 விநாடி ஆனால் துணை நடத்துபவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்தவர் துணையாக அமர வேண்டும். முதல் வகுப்பிலேயே விதியாக எழுதிவிடுங்கள்.

#7 இரண்டாமாண்டு_மாணவி

பார்வையாளர் வேலைதான் கஷ்டம் மேடம். ‘நல்லா பண்ணாங்க’ என்பதைத் தவிர எழுத ஒன்றும் தோன்றாது. என்ன எண்ண வேண்டும் என்று தெளிவாகக் கொடுத்துவிட்டால் தூங்காமல் இருக்கலாம்.

#8 வில்லியனூர்வாசி

குழுப் பேச்சை வகைபிரிக்க பேல்ஸ் 1950-இல் கொடுத்த 12 வகை அட்டவணை ஆராய்ச்சிக்குச் சரி. 12 நிமிடத்தில் மாணவரால் முடியாது. இரண்டு பார்வையாளருக்கும் வேறு வேறு வேலை.

முதலாமவர் நடத்துபவரை மட்டும் கவனிப்பார். ஐந்து கட்டம், கோடு போட்டால் போதும்: மூடிய கேள்வி, திறந்த கேள்வி, தகவல் அல்லது அறிவுரை சொன்னது, ஒருவரை இன்னொருவரோடு இணைத்தது, சுருக்கியது.

இரண்டாமவர் உறுப்பினர்களை. தாளில் ஐந்து புள்ளி வட்டமாக, யார் யாரிடம் பேசினார் என்று அம்புக்குறி. முதல் இரண்டு வாரம் எல்லா அம்பும் நடத்துபவரை நோக்கியே போகும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. 12 நிமிடத்தில் 40 அம்பு, அதில் உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் இடையே 3 மட்டும் என்றால், நடந்தது குழு இல்லை, தனித்தனி நேர்காணல். அந்த 3-ஐ 10 ஆக்குவதுதான் அடுத்த வார இலக்கு. அதற்கு வேண்டியது ஒரே வாக்கியம்: "இப்ப செல்வி அக்கா சொன்னதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது? அவங்ககிட்டயே சொல்லுங்க." கடைசி இரண்டு சொல்லை விட்டால் பதில் மறுபடி நடத்துபவரிடமே வரும்.

மௌனத்துக்கும் ஒரு எண் உண்டு. கேள்வி கேட்டபின் மேசைக்கு அடியில் விரலால் ஏழு எண்ணச் சொல்லுங்கள். ஆன்லைனில் மூன்றாவது விநாடியிலேயே ‘நெட் போச்சா?’ என்ற பயம் வந்து, கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள், பிறகு மூன்றாவது விதமாக. உறுப்பினர் முன்னால் இப்போது மூன்று கேள்வி; எதற்குப் பதில் சொல்வார்? முன்கூட்டியே "ஒரு நிமிஷம் யோசிங்க, நானும் பேசாமதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டால் அந்த மௌனத்துக்கு அனுமதி கிடைத்துவிடும்.

#9 இரண்டாமாண்டு_மாணவி

விடாமல் பேசுபவரை நிறுத்துவது? மியூட் பட்டன் இருக்கிறதே என்று சிலர் அழுத்திவிடுகிறார்கள்.

#10 கெடிலக்கரை

அந்தப் பட்டனை ஹோஸ்ட்கிட்டேர்ந்தே மறைச்சு வைக்கணும்மா! திண்ணையில யார் வாயையும் பொத்த முடியாது.

மூணு படி. முதல்ல அவர் சொன்னதை ஒரே வரியில திருப்பிச் சொல்லி, "இதைப் பத்தி மத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போமா"ன்னு வாங்கிக்கணும். மூச்சு விடுற இடத்துல நுழையணும். ஆன்லைன்ல குரல் கொஞ்சம் தாமதமா போகுங்கிறதால ரெண்டு குரலும் மோதும். பேரை முதல்ல சொல்லி, நிறுத்தி, அப்புறம் பேசணும். ரெண்டாவது, குழு விதியை நினைவுபடுத்துறது. மூணாவது, கூட்டம் முடிஞ்சதும் தனியா. முதல் படியிலேயே தனியா கூப்பிட்டா அவமானம், மூணாவது படியை எல்லார் முன்னாடியும் செஞ்சா அதைவிட அவமானம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் கேட்கல. மாணவர்கள் பேசுறது அவங்க வீட்டுக் கூடத்திலேர்ந்து. பக்கத்துல அப்பா டிவி பார்ப்பார். வேடம்தான்னாலும் "என் கணவர் அடிக்கிறார்"னு ஒரு பொண்ணு சத்தமா சொல்ல முடியாது. உண்மையிலேயே அந்த வீட்ல அது நடந்துட்டிருந்தா இன்னும் மோசம். இயர்போன் கட்டாயம். பக்கத்துல ஆள் வந்தா "தண்ணி குடிச்சிட்டு வரேன்"ங்கிறது சங்கேதம். நடத்துறவர் கேள்வி கேட்காம அடுத்தவர்கிட்ட போகணும். எந்த அட்டையையும் காரணம் சொல்லாம மாத்திக்கலாம். வன்முறை, தற்கொலை, துக்கம் முதல் நாலு வாரம் வேண்டவே வேண்டாம்.

யாராவது உடைஞ்சு அழுதா, துணை நடத்துறவர் அவரை அறையிலேர்ந்து கூட்டிட்டுப் போய் உடனே போன்ல பேசணும், நடத்துறவர் குழுவோட இருக்கணும். ரெண்டு பேரும் பின்னாடியே ஓடக் கூடாது. மனநல உதவிக்கு டெலி மனாஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, மூணும் எல்லார் போன்லயும் சேமிச்சிருக்கணும்.

பதிவு வேடக் குழுவை மட்டும். அதுவும் எழுத்துல சம்மதம் வாங்கி, எந்தத் தேதியில அழிப்போம்னு சொல்லி. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், தொழில் அறம் இன்னொரு பக்கம். களத்துல இருக்கிற நிஜக் குழுவைப் போன்ல பதிவு பண்ணி வகுப்புல போடுறது அறவே கூடாது.

#11 உப்பளம்

மதிப்பெண் பத்தி நான் சொல்றேன், அதுல எனக்குச் சண்டை இருக்கு. ‘சரளமா நடத்தினார்’னு மார்க் போட்டீங்கன்னா, நல்லா பேசுற பையன் 12 நிமிஷமும் தானே பேசி முழு மார்க் வாங்கிட்டுப் போவான்.

25 மார்க்னா, நடத்தினதுக்கு 5 போதும். அதுவும் முதல் தடவைக்கும் நாலாவது தடவைக்கும் நடுவுல பார்வையாளர் தாள்ல என்ன மாறியிருக்குன்னு பார்த்து. செயல்முறைப் பதிவுக்கு 10. வைவாவுக்கு 10.

பதிவுல "குழு சிறப்பாக நடைபெற்றது, அனைவரும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்"னு இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. நாலு பத்தி கேளுங்க: அவங்க சொன்னது அப்படியே பேச்சு வார்த்தையில, நான் சொன்னது, அந்த நேரம் எனக்குள்ள என்ன ஓடுச்சு, எந்தத் திறன். 12 நிமிஷம் முழுக்க வேண்டாம், 3 நிமிஷம் போதும். மூணாவது பத்தியிலதான் ஆள் தெரிவான். "பயமா இருந்துச்சு, அதனால அறிவுரை சொல்லிட்டேன்"னு எழுதினவனுக்கு அடுத்த ஐ.சி.யில (ஆசிரியரோட தனிச் சந்திப்புல) பேச ஏதோ இருக்கு.

வைவாவுல அவனோட வீடியோப் பதிவுலேர்ந்தே 90 விநாடி ஓட்டி நிறுத்துங்க. "இந்த இடத்துல வேற என்ன செஞ்சிருக்கலாம்? ரெண்டு சொல்லு." தியரி கேள்வி தனியா வேண்டாம், பதில்லயே வந்துடும்.

என் பழைய ஆட்சேபம் அப்படியேதான் இருக்கு. எட்டுல ரெண்டையாவது நேர்ல வையுங்க. அஞ்சாவதும் எட்டாவதும். பாய், நாற்காலி, நடுவுல அழுற குழந்தை, ரோட்டுல போற பஸ் ஹாரன் எல்லாம் இருக்கிற இடமா பாருங்க. குளிரூட்டின செமினார் ஹால் வேண்டாம். முடிக்கிற பயிற்சியும் நேர்லதான். ஆன்லைன்ல ‘லீவ்’ பட்டனை அழுத்தினா போச்சு. நேர்ல கூட்டம் முடிஞ்சு செருப்பைத் தேடிட்டே ஒரு அம்மா மெதுவா "ஒரு விஷயம் கேட்கணும்"னு ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல என்ன செய்யணும்னு திரை கத்துக்கொடுக்காது.

#12 பாகூர்_ஏரி

அதற்கு ஒரு அரைகுறை மாற்று உண்டு. கூட்டம் முடிந்ததும் அறையை உடனே மூடாமல் 5 நிமிடம் திறந்து வையுங்கள். போக விரும்பாதவர் இருப்பார். பிரேக்அவுட் ரூம் மூடும்போது 60 விநாடி எச்சரிக்கை வரும். முக்கியமான விஷயத்தை அந்த 60 விநாடியில்தான் சொல்லத் தொடங்குவார்கள் என்று நடத்துபவர் எதிர்பார்க்க வேண்டும்.

#13 களப்பணி_கடலூர்

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: 1 விதிமுறை, 2 தொடங்குதல், 3 இணைத்தல் (உண்மை வேலை), 4 மௌனம், குரல் மட்டும், 5 நேரில், 6 விடாமல் பேசுபவர், பேசாதவர், 7 கடினமான அட்டைகள், 8 நேரில் முடித்தல். இதனால் ஆன்லைனில் 80 வாய்ப்புதான். ஆளுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நேரடி இரண்டில் ஈடுகட்டிக்கொள்கிறேன். காரைக்கால் மாணவர்கள் வந்துசேர வசதியாக அந்த இரண்டு நாளும் வகுப்பை மதியம் வைக்கிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். ஏழு பேர் அறையில் இருவர் வராவிட்டால்?

#14 வில்லியனூர்வாசி

பார்வையாளரைக் குறையுங்கள், உறுப்பினரைக் குறைக்காதீர்கள். ஒருவர் வராவிட்டால் ஒரு பார்வையாளர், அவர் அம்புக்குறி மட்டும் போடட்டும். இருவர் வராவிட்டால் துணை நடத்துபவரே கோடு போடுவார். மூவர் வராவிட்டால் அந்த அறையைக் கலைத்து மற்ற மூன்றுக்கும் பிரித்துவிடுங்கள். எட்டு, ஒன்பது பேர் வரை தாங்கும். 10 மணிக்கு மேல் அறையை மாற்றத் தொடங்கினால் முதல் சுற்றே போய்விடும். காலை 9.45-க்குள் வருபவர் பட்டியலை வாங்கிவிடுங்கள்.